தோளில் வைத்த கை

பம்பு கம்பெனி வேலையாக என் வீட்டுக்காரர் ஆறு மாதம் பிரேசிலில் இருந்தார். மழை குறைந்த ஏதோ ஒரு சிற்றூரில் மோட்டார் மாட்டிக் கொடுக்க வேண்டும். சனிக்கிழமையானால் அங்கே ஊரே கூடி ஆடுமாம். வீடியோ அனுப்பினார். விரித்துச் சுருக்கி வாசிக்கும் ஒரு அக்கார்டியன், ஒரு பெரிய மேளம், தட்டுவதற்கு ஒரு முக்கோணக் கம்பி. ஆணும் பெண்ணும் கன்னத்தோடு கன்னம் ஒட்டி ஆடினார்கள். பிழைக்க ஊரை விட்டுப் போனவன் காதலியை நினைத்து ஏங்கும் பாட்டுகள்தான் அதிகம் என்று போனில் விளக்கம் வேறு. பிறகு ஒரு நாள், தானும் ஆடக் கற்றுக்கொண்டதாகச் சொன்னார்.

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் ரோட்டில் என் கையைப் பிடித்து நடக்காத மனிதர். அந்த ஆட்டத்தைத் தனியாக ஆட முடியாதே, யாரைப் பிடித்துக்கொண்டு ஆடினார்? கேட்கப் பயம். கேட்டு, அவர் ஒரு பெயரைச் சொல்லிவிட்டால்? பீளமேட்டு வீட்டில் உட்கார்ந்து அந்த வீடியோக்களையே திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன், வெட்கங்கெட்டவள். கடைசியில் ஆட்டம் எனக்கே மனப்பாடமாகிவிட்டது. ஆணின் வலக்கை பெண்ணின் முதுகில் இருக்கும். பெண்ணின் இடக்கை அவன் தோளில் இருக்கும்.

அவர் திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை, மகள் டியூஷன் போனதும் ஜன்னலைச் சாத்திவிட்டுப் பாட்டைப் போட்டார். ஆடலாம் வா என்றார். எழுந்து நின்றேன். கிட்டே வந்தவர் இடக்கையைத் தூக்கி என் தோளில் வைத்தார். வைத்துவிட்டு அப்படியே நின்றார், நான் முதல் அடி எடுப்பேன் என்று.

அது பெண் வைக்க வேண்டிய கை.

"ஏனுங்க, இத உங்களுக்கு ஆரு சொல்லிக்குடுத்தாங்க?"

அன்று போனில் கேட்காமல் விட்ட கேள்வி ஒருவழியாக வெளியே வந்துவிட்டது. அவர் தரையைப் பார்த்தார்.

"பொம்பளைங்களத் தொடக் கூச்சமாப் போச்சு அம்மணி. எங்க கம்பெனி வெல்டர் ஆம்பளையா நின்னுக்குவான். நான் பொம்பளையா ஆடிப்போட்டேன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கண் ஏன் கலங்குது என்று அவர் கேட்டார். ஆடத் தெரியாத பயம் என்று பொய் சொன்னேன். பிறகு என் வலக்கையை அவர் முதுகில் வைத்து, முதல் அடியை நானே எடுத்தேன்.