ஜெயசுதா செய்த பூட்டு

ஜெயசுதாவுக்கு என்ன வேலை என்று நைனார்பாளையத்தில் கேட்டால் பாதிப் பேர் ‘கம்ப்யூட்டர்’ என்பார்கள், மீதிப் பேர் ‘வூட்டுலதான் இருக்குது’ என்பார்கள். இரண்டும் உண்மை. சென்னையில் ஒரு கம்பெனி, எழுதவும் திருத்தவும் உதவும் எடிட்டர் ஒன்றைச் செய்து பத்திரிகைகளுக்கும் வக்கீல் ஆபீஸ்களுக்கும் விற்கிறது. அந்த எடிட்டர் எந்த வழியாக நெட்டுக்குள் போக வேண்டும் என்று தீர்மானிக்கிற பகுதி முழுக்க ஜெயசுதாவின் கையில். மாடி அறையில் உட்கார்ந்து அதைச் செய்கிறாள். ஜன்னலுக்கு வெளியே மக்காச்சோளக் கொல்லை. கீழே மாமியார் பெரியநாயகி.

ஜெயசுதா வீட்டிலிருந்து வேலை செய்வதற்கு ஒரு கதை உண்டு. பெண் கேட்டு வந்த அன்றைக்குப் பெரியநாயகிக்கு ஒரே கவலை, மருமகள் மெட்ராஸோடு போய்விடுவாளோ என்று. ஜெயசுதாவின் அப்பா சின்னராசு சின்னசேலத்துக்காரர், சபையைக் கண்டால் சும்மா இருக்க மாட்டார். தாம்பூலத் தட்டு மாற்றும் நேரத்தில், இரண்டு பக்கத்துப் பங்காளிகளும் கேட்க, “எம் பொண்ணு வேலைக்குப் போவாதுங்க. வேலைதான் அதத் தேடிக்கினு வூட்டுக்கு வரும்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் தட்டு கைமாறிய பிறகு அது வெறும் பேச்சு இல்லை, வாக்கு. பங்காளிகள் நடுவில் தட்டோடு கொடுத்ததைத் திரும்ப எடுத்தால் அந்தக் குடும்பம் நல்லது கெட்டதுக்குத் தலைகாட்ட முடியாது. பெருமைக்கு எருமை மேய்த்தது அப்பா, கட்டுத்தறியில் நின்றது மகள்.

நின்றாளே தவிர, நின்ற இடத்தில் நன்றாகத்தான் வேலை செய்தாள். அந்த எடிட்டரில் ஒரு தொல்லை இருந்தது. ஆபீஸில் நெட்டுக்கு ஒரு வாசல், வீட்டில் வேறு வாசல், பஸ்ஸில் போனால் போனிலிருந்து எடுக்கிற நெட். இடம் மாறுகிற ஒவ்வொரு தடவையும் எட்டுப் பத்துக் கட்டங்களை ஆள் உட்கார்ந்து நிரப்ப வேண்டும். ஒன்று தப்பினாலும் கம்பெனி ஃபைல் திறக்காது. ஜெயசுதா அதையெல்லாம் இடத்துக்கொரு மூட்டையாகக் கட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர் வைக்க விட்டாள். அதற்குப் பேர் ப்ரொஃபைல். ‘வீடு’ என்று ஒன்று, ‘ஆபீஸ்’ என்று ஒன்று. ஒரு தட்டு தட்டினால் எல்லாம் மாறிவிடும். மூன்றாவதாக ‘மலை’ என்று ஒன்று செய்தாள். ஒரு விசேஷத்துக்கு மலைமேல் இருக்கிற கரியாலூருக்குப் போனபோது, கொண்டைஊசி வளைவில் சிக்னல் செத்து, எடிட்டர் நெட்டைத் தேடித் தேடியே உறைந்து, எழுதியது அத்தனையும் போயிற்று. ‘மலை’யில் இருந்தால் எடிட்டர் நெட்டைக் கேட்கவே கேட்காது. எழுதியதைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, சிக்னல் வந்ததும் அனுப்பும். இதைச் செய்து முடித்த நாளில் ஜெயசுதாவுக்கு இருந்த சந்தோஷத்தை வீட்டில் யாரிடமும் சொல்லிப் புரிய வைக்க முடியவில்லை.

பிறகு மேலாளர் தனசேகரன் ஒரு வேலை கொடுத்தார். பெரிய வக்கீல் ஆபீஸ் ஒன்று கேட்கிறதாம்: கட்சிக்காரர்களின் காகிதம் வெளியே போகாதபடி, ‘ஆபீஸ்’ ப்ரொஃபைலைத் தவிர மற்றதைப் பூட்ட வேண்டும். பூட்டுகிற சாவி நிர்வாகியிடம் இருக்கும். ஜெயசுதா இரண்டே வாரத்தில் செய்தாள். முதல் வரைவில் விதிவிலக்குப் பட்டியல் ஒன்று இருந்தது, இன்னார் இன்னார் மட்டும் வெளியிலிருந்து வரலாம் என்று. அதைத் தூக்கச் சொன்னவளும் அவள்தான். ஒருத்தருக்குக் கதவைத் திறந்து வைத்தால் அந்த வழியாக ஊரே வரும், அதற்குப் பூட்டு எதற்கு என்று நீளமாக எழுதி, கூட்டத்தில் வாதாடியும் ஜெயித்தாள். வக்கீல் ஆபீஸ் மெச்சியது. தனசேகரன் எல்லோருக்கும் முன்னால் கைதட்டினார்.

அடுத்த மாதம் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. நம் சரக்கை நாமே பயன்படுத்தாவிட்டால் எப்படி? ஒன்றாம் தேதியிலிருந்து நம் ஆட்களுக்கும் அதே பூட்டு, எல்லோரும் ஆபீஸுக்கு வந்தே வேலை செய்ய வேண்டும்.

ஜெயசுதா இரண்டு தடவை படித்தாள். உடனே தனசேகரனைக் கூப்பிட்டு, தனக்கு மட்டும் ஒரு விலக்கு வேண்டும், வீட்டு நிலைமை அப்படி என்றாள். அவர் கெட்ட மனிதர் இல்லை.

“குடுக்கறதுக்கு அதுல இடமே இல்லையேங்க ஜெயசுதா. வேணாம்னு சொன்னது நீங்கதானே” என்றார்.

யாரோ செய்த பூட்டாக இருந்தால் திட்டியாவது தீர்த்திருப்பாள்.

கணவன் இளஞ்செழியனிடம் சொன்னாள். அவன் நல்லவன், அதனால் சண்டை போடக்கூட வழியில்லை. “ரெண்டு நாளு மூணு நாளுன்னா அம்மாகிட்ட நான் பேசுவேன் சுதா. அங்கியே தங்கறதுன்னா, பங்காளிங்க உங்க அப்பாவத்தான் கேப்பாங்க” என்றான். அப்பாவுக்குப் போன் செய்தாள். அவர் இதை ஒரு பிரச்சினையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நாள் ஓய்வாக இரேன், வேறு வேலை தேடி வராமலா போகும் என்றார். ஜெயசுதாவுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம் வந்தது, அதை யார் மேல் இறக்குவது என்றுதான் தெரியவில்லை.

ஒரு வழி இருந்தது. பூட்டின் உள்பக்கம் அவளுக்குத் தெரியும். இரண்டு வரி சேர்த்தால் போதும், ‘மலை’ ப்ரொஃபைலைப் பூட்டு கண்டுகொள்ளாது, அது சிக்னல் வந்ததும் அனுப்புகிற வழியாக அவள் மட்டும் நுழையலாம், ஒருவருக்கும் தெரியாது. மாதக் கடைசி நாள் மதியம் அந்த இரண்டு வரியை எழுதிவிட்டாள். எழுதியதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எல்லோருக்கும் ஒரே பூட்டுதான், அந்த ஓட்டை கம்பெனியோடு நிற்காது, வக்கீல் ஆபீஸுக்கும் சேர்ந்தே போகும். முன்பின் தெரியாத யாரோ ஒருத்தியின் விவாகரத்துக் காகிதம் அந்த வழியாக வெளியே வரலாம். நல்ல வேலைக்காரியாக இருந்ததுதான் அவளைப் பிடித்த சனியன். இரண்டு வரியையும் அழித்தாள்.

ஒன்றாம் தேதி காலை எடிட்டரைத் திறந்தாள். பூட்டு சரியாக வேலை செய்தது, ஒரு பிழையும் இல்லை. இந்த இடத்திலிருந்து இணைய முடியாது என்று அவளே எழுதிய வாசகம், மரியாதை குறையாமல் வந்து நின்றது. மூடிவிட்டுப் படியில் வந்து உட்கார்ந்தாள்.

களத்தில் மக்காச்சோளம் காயப்போட்டுக்கொண்டிருந்த பெரியநாயகி நிமிர்ந்து பார்த்தாள். இந்த நேரத்தில் மருமகளை வெளியே பார்த்துப் பழக்கமில்லை.

“இன்னாம்மா, இன்னிக்கி வேலை இல்லியா?”

“வேலை இருக்குதுங்க அத்தே. நான்தான் அங்க இல்ல.”

பெரியநாயகிக்கு அது விளங்கவில்லை. விளங்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. “அப்போ செத்த வந்து இதத் தள்ளி வுடு, வெயிலு ஏறிக்கினு வருது” என்றாள். ஜெயசுதா இறங்கிப் போய்ச் சோளம் தள்ளுகிற பலகையை வாங்கிக்கொண்டாள்.