பூஜைக்குப் போன ஸ்பேனரும் முறுக்காத போல்ட்டும்

மூன்று வருடங்களுக்கு முன், நவராத்திரி சமயம். நாங்கள் இருப்பது திருவனந்தபுரம் கரமனையில், வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் ஓர் அக்ரகாரத் தெருவில். எனக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. பகலெல்லாம் அலுவலகம், மிச்ச நேரமெல்லாம் ஒரு பழைய அறுநூறு சிசி ஸ்போர்ட்ஸ் பைக்.

இருபது வயதான வண்டி அது. வெளிநாடு போய்விட்ட ஒருவரிடமிருந்து ஓடாத நிலையில் வாங்கினேன். ஊரில் இரண்டு மெக்கானிக்குகள் கையை விரித்துவிட்டார்கள். சரிதான் போங்கள் என்று சர்வீஸ் மேனுவலை அச்செடுத்து வைத்துக்கொண்டு, நானே கார்புரேட்டர்களைக் கழற்றிச் சுத்தம் செய்து ஓட வைத்தேன். மாமிக்கு வேறு வேலை இல்லையா என்று தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் ஆக்ஸிலரேட்டரை முறுக்கித்தான் பதில் சொன்னேன். என் கணவர் மட்டும் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். என் ரிப்பேரால் ஒரு தடவை ஆபத்து வந்தாலும் வண்டியை விற்றுவிட வேண்டும். அப்படி ஒரு நாள் வரவே வராது என்ற திமிரில் நானும் தலையாட்டியிருந்தேன்.

அஷ்டமியன்று சாயங்காலம் முன் பிரேக்குக்குப் புது பேட் போட்டுக்கொண்டிருந்தேன். பேட்டைப் பிடித்திருக்கும் காலிப்பர் என்ற பாகம் முன் சக்கரத்தின் இரண்டு பக்கமும் இருக்கும். இடது பக்கத்தை முடித்துவிட்டேன். வலது பக்கத்தின் இரண்டு போல்ட்டுகளையும் விரலால் சுற்றி உள்ளே விட்டிருந்தேன், ஸ்பேனர் போட்டு இறுக்க வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து மாமியாரின் குரல் வந்தது. "என்னடி பண்ணிண்டிருக்கே? விளக்கேத்தப் போறேன். உன் ஆயுதத்தையெல்லாம் அலம்பிக் கொண்டா!"

எங்கள் ஊர் வழக்கத்தில், பூஜைக்கு வைத்த புத்தகத்தையும் ஆயுதத்தையும் விஜயதசமி காலையில்தான் எடுக்க வேண்டும். அதுவரை தொடக்கூடாது. என் ஸ்பேனர்களெல்லாம் சந்தனப் பொட்டோடு சரஸ்வதி படத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டன. மறுநாள் வண்டியைத் துடைத்து மாலை போடுவதிலேயே போயிற்று. விஜயதசமி காலையில் குங்குமமும் பூவுமாக நின்ற வண்டியைப் பார்த்தால், எல்லா வேலையும் முடிந்து தயாராக நிற்பது போலத்தான் இருந்தது. எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு குஷியாகக் கிளம்பினேன்.

கரமனைப் பாலம் தாண்டியதும் முன் பக்கம் கடகடவென்று சத்தம். பின்னால் ஓர் ஆட்டோ விடாமல் ஹார்ன் அடித்தது. நல்லவேளை, மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தேன். பின் பிரேக்கை மிதித்து ஓரம் கட்டிக் குனிந்து பார்த்தேன். வலது காலிப்பரில் ஒரு போல்ட்டைக் காணோம். இன்னொன்று இதோ விழப்போகிறேன் என்று தொங்கியது. காலிப்பர் சக்கரத்துக்குள் சிக்கியிருந்தால் நான் தலைகுப்புறப் போயிருப்பேன்.

ஆட்டோக்காரர் இறங்கி வந்தார். ரோட்டில் விழுந்த போல்ட் அவர் உள்ளங்கையில் இருந்தது. "ஏது ஒர்க்‌ஷாப்பிலா சேச்சி கொடுத்தது? அவனெ வெறுதே விடருது!" எந்தப் பட்டறையில் கொடுத்தது, அவனைச் சும்மா விடக்கூடாது என்று எனக்காக அவர் கொதித்தார். ஏதோ ஓர் இடத்தைச் சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். வாய்வரை வந்தும்விட்டது. இத்தனை மாதம் நானே செய்தேன் என்று மார்தட்டிவிட்டு, இப்போது இல்லாத ஒருவன் தலையில் கட்டுவதா என்று என் மேலேயே கோபம் பொங்கியது. "ஞான் தன்னெயா அண்ணா செய்தது" என்று, செய்தது நானேதான் என்பதை ஒப்புக்கொண்டேன்.

அவர் என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். போய் ஆட்டோவிலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்து வந்தார். அதிலும் அன்றைய பூஜைச் சந்தனம் இருந்தது. அவரே மாட்டிவிடுவார் என்று நினைத்து நான் நகர்ந்தேன். அவரோ, அப்படியானால் நீங்களே முறுக்குங்கள் என்று ஸ்பேனரை என்னிடம் நீட்டினார். "என்னா பின்னெ, சேச்சி தன்னெ முறுக்கு." இரண்டு போல்ட்டையும் முறுக்கினேன். வீடு வரை அந்த ஆட்டோ என் பின்னாலேயே வந்தது. நன்றி சொல்லத் திரும்புவதற்குள் போய்விட்டார்.

சக்கரத்தில் விழுந்த கீறலைத் தவிர வேறு சாட்சி இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் வண்டி என்னிடமே இருந்திருக்கும். ஆனாலும் கணவரிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். "அப்போ சொன்னபடி வித்துடலாம்" என்றார் அவர். நான்தானே அவளை அவசரப்படுத்தினேன் என்று மாமியார் குறுக்கே வந்தார்.

"நீங்க இல்லைம்மா, மறந்தது நான். ஆனா விக்க மாட்டேன். அன்னிக்குத் தலையாட்டினதுதான் தப்பு."

கணவர் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் அன்று மத்தியானமே தெருவே பார்க்க வாசலில் உட்கார்ந்து இரண்டு காலிப்பரையும் கழற்றி, மேனுவல் சொன்ன அளவுக்கு இறுக்கி மாட்டினேன். இறுக்கிய ஒவ்வொரு போல்ட் தலையிலும் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டேன். வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு, பாலத்தில் நடந்ததை நானே சொன்னேன். சிரித்தவர்கள் சிரித்தார்கள். இப்போதும் கோடுகளைப் பார்க்காமல் சாவி போடுவதில்லை. கணவர் இன்னும் அந்த வண்டியில் ஏறவில்லை. ஏறாவிட்டால் போகட்டும்.

அந்தப் போல்ட் என் உயிரை வாங்கியிருக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நடுரோட்டில் நின்று அந்தத் தப்பு என்னுடையது என்று சொன்ன பிறகு, ஸ்பேனரைக் கீழே வை என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை என்றுதான் இன்றைக்கும் தோன்றுகிறது.