ஆள் உள்ளே

லிஃப்ட் மெக்கானிக் எழுதிய நாவல் மேலும் கீழுமாகத்தான் போகும் என்று முகவர்கள் முடிவுகட்டியிருக்க வேண்டும். எழுத்தாளருக்காகப் பதிப்பகங்களிடம் பேசித் தருகிற இலக்கிய முகவர்கள் பத்தொன்பது பேருக்கு மெக்கானிக் எழுதிப்போட்டார். பதினேழு பேர் வாயே திறக்கவில்லை. ஒருவர், "மன்னிக்கவும் அம்மணி, தங்கள் படைப்பு எங்களுக்குப் பொருந்தாது" என்றிருந்தார்.

"மீசையோட ஒரு போட்டோ வச்சு அனுப்பியிருக்கலாம்ல" என்றாள் மனைவி.

கடைசி முகவர் ஒரு பெண்மணி, போனிலேயே வந்தார். "கதை நல்லாயிருக்கு சார். அந்த அண்ணன்தான் இடைஞ்சல். முதல் அத்தியாயத்துல செத்தவரு, கடைசிவரைக்கும் மாடிக்கு மாடி வந்து நிக்கிறாரு. அவரை எடுத்துடுங்க, நாளைக்கே பதிப்பகத்துல பேசறேன்."

அண்ணன் கற்பனை இல்லை, இவருடைய சொந்த அண்ணன்தான். இருவரும் ஒரே கம்பெனி. லிஃப்ட் குழிக்குள் இறங்குகிறவர் மெயின் சுவிட்சில் 'ஆள் உள்ளே' என்ற அட்டையை மாட்ட வேண்டும். மாட்டியவர்தான் கழற்ற வேண்டும். பதினோரு வருடத்துக்கு முன் ஒரு மதியம், அண்ணன் சாப்பிடப் போய்விட்டார் என்று நினைத்து, தம்பி அட்டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு சுவிட்சைத் தட்டினார். லிஃப்ட் இறங்கியது. அண்ணன் அட்டை மாட்ட மறந்ததாக விசாரணையில் எழுதினார்கள். தம்பி மறுக்கவில்லை. நாவலிலும் அப்படியே எழுதினார்.

இப்போது முகவர் சொன்னபடி, வரிவரியாகத் தேடி அண்ணனை அழித்தார். மறுநாள் படித்துப் பார்த்தால், கதையில் ஆள் போன இடத்தில் இரண்டு டம்ளர் டீ ஆறிக்கொண்டிருந்தது. யாரும் கேட்காத கேள்விக்குத் தம்பி பதில் சொல்லிக்கொண்டிருந்தான். அன்று வேலையில், ஐந்தாவது மாடியில் லிஃப்ட் கதவு தானாகத் திறந்தது. வெளியே யாருமில்லை. இவர் ஒதுங்கி இடம்விட்டார்.

வீட்டுக்கு வந்து பழைய நாவலையே அச்செடுத்தார். பீரோவில் சட்டைகளுக்கு அடியில் கிடந்த அட்டையை முதல் பக்கத்தில் கோத்துக் கூரியரில் அனுப்பினார்.

இரண்டு நாளில் போன் வந்தது. "என்ன சார், அண்ணன் அப்படியே இருக்காரு? மேல ஏதோ அட்டை வேற."

"அது அண்ணன் மாட்டின அட்டைம்மா. ஒருதடவை நான் கழற்றினதே போதும்."

காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவியின் கத்தி நின்றது. "அவர் மாட்டவே இல்லைன்னுதானே சொன்னீங்க?"

போனில் முகவர் இன்னும் லைனில் இருந்தார். இவர் சொல்லப்போவதை முழுசாகக் கேட்க ஒரு முகவர் காத்திருந்தது அதுதான் முதல் தடவை.