மின்னு என்று முடிந்த முகவரிகள்

சின்ன அத்தை ஓர் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் கணினிகளைப் பராமரித்து வந்தார். வேலைக்குச் சேர்ந்த ஆண்டே, அங்கிருந்த கணினிகளின் முகவரிகளுக்கெல்லாம் கடைசிச் சொல்லாகத் தம் மகளின் செல்லப்பெயரை வைத்தார்: மின்னு. இணையத்தில் அப்படி முடியும் முகவரி எதுவும் அப்போது இல்லை. கூடத்துக் கணினிகள் முதலில் வெளி இணையத்தைக் கேட்கும்; "இல்லை" என்று பதில் வந்ததும் உள்ளே தேடிக்கொள்ளும்.

பிறகு விதி மாறியது. கட்டணம் கட்டி விண்ணப்பிக்கும் நிறுவனங்கள் புதிய முடிவுச்சொற்களைப் பெறலாம் என்று இணைய முகவரிகளை நிர்வகிப்பவர்கள் அறிவித்தார்கள். விண்ணப்பங்களை வெளியிட்டு, ஆட்சேபம் சொல்ல அவகாசமும் தந்தார்கள். அத்தை அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை எந்தக் கணினியிலும் பரிசோதனை முடிவுகள் திறக்கவில்லை.

"அக்கா, என்ன இது? வளையல் விளம்பரம் வருது!" என்றாள் வரவேற்பறைப் பெண்.

நகைக் கம்பெனி ஒன்று மின்னுவை வாங்கியிருந்தது. நோயாளிகளின் முடிவுகளைத் தேடிய கணினிகள் முன்பின் தெரியாதவர் வாசலில் போய் நின்றன. அத்தை பாய்ந்து சென்று வெளி இணைப்பைப் பிடுங்கினார். எந்த முடிவும் வெளியே போகவில்லை என்று உறுதியாகும்வரை அதை மீண்டும் செருகவில்லை.

"உங்க பொண்ணு பேரையே வித்துட்டாங்களேம்மா!" என்றார் மேலாளர்.

"சொல்லிட்டுத்தான் சார் வித்திருக்காங்க. நான்தான் காதுல வாங்கல."

அன்றே எல்லா முகவரிகளையும் மாற்றினார். "அப்போ அந்த நகையில எனக்குப் பங்கு உண்டாம்மா?" என்று மகள் சிரித்தாள். அத்தையால் சிரிக்க முடியவில்லை. யாரோ வெளியிலிருந்து சொல்லிவந்த ஓர் "இல்லை"யை நம்பித்தான் அந்தக் கூடம் நடந்திருக்கிறது.

பதினேழு ஆண்டுகள்.