பிக்கப் வண்டிக்கு மூடி போட்ட நாள்

அதுவரை எங்கள் பிக்கப் வண்டிக்குத் தார்பாய்தான். ஓசூரில் ஒரு கம்பெனியிலிருந்து இன்னொரு கம்பெனிக்கு உதிரிபாகங்கள் ஏற்றிப்போவது என் வீட்டுக்காரரின் வேலை. லேத்தில் கடைந்த இரும்பில் மழை பட்டால் துருப்பிடித்துவிடும். அதனால் ஒவ்வொரு நடைக்கும் வண்டிமேல் ஏறித் தார்பாயை விரித்து, சுற்றிலும் கயிற்றை இழுத்துக் கட்டுவார். இறக்கும் இடத்தில் மறுபடி ஏறி அவிழ்ப்பார்.

அவருக்கு இடுப்பில் முதுகெலும்புத் தட்டு விலகியிருந்தது. ஏறக்கூடாது, எதையும் இழுக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இது எங்கள் இருவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. இங்கே டிரைவர்கள் இடுப்புவலியை வெளியே சொல்வதில்லை. சொன்னால், பாவம் ரெஸ்ட் எடுக்கட்டும் என்று அன்பாகப் பேசியே லோடை வேறு வண்டிக்கு மாற்றிவிடுவார்கள். அவர் டாக்டர் கொடுத்த இடுப்புப் பெல்ட்டைச் சட்டைக்குள் கட்டிக்கொண்டு வேலைக்குப் போய்வந்தார். இரும்புத் தகட்டில் மூடி போட்டுவிட்டால் தரையில் நின்றபடியே திறந்து மூடலாம். அதுவும் சரிப்படாவிட்டால் வண்டியை விற்பதைத் தவிர வழியில்லை.

நான் ஒரு கம்பெனி கேண்டீனில் பாத்திரம் கழுவுகிறேன். அன்று காலை ஷிப்ட் முடிந்ததும் நேராகப் பாகலூர் ரோட்டுப் பட்டறைக்குப் போனேன். அவருடைய வண்டி உள்ளே நின்றது; பக்கத்தில் அவரும் நின்றார். அதே கம்பெனிக்கு லோடு அடிக்கும் இன்னொரு டிரைவர் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். பட்டறைக்காரர் போனில் கன்னடத்தில் யாரையோ திட்டி முடித்துவிட்டு எங்களிடம் தமிழுக்கு வந்தார்.

"ஷாக் எது போடட்டும்ண்ணா? இலேசானதா, ஸ்ட்ராங்கா?"

கார் டிக்கியைத் தூக்கி நிறுத்துமே, அந்தக் காற்றுக் கம்பியைத்தான் ஷாக் என்றார்.

"இருக்கறதுலயே ஸ்ட்ராங்கா போடுப்பா. கொக்கிய எடுத்தா அதுவா எழும்பணும்," என்றார் என் வீட்டுக்காரர்.

"எழும்பும்ண்ணா. ஆனா மூடறப்போ நல்லா இழுக்கணும்."

"இழுக்கறதுக்கு இன்னா? நான் இன்னா கெழவனா?"

ஸ்டூல்காரர் சிரித்தார். "அண்ணன் ஒத்தக் கையில தார்பாய மடிக்கிற ஆளுப்பா."

வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய்வரை வந்தது. நாலு ஆண்கள் நிற்கும் இடத்தில் எனக்குப் பேச்சு வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஓரமாகக் கிடந்த டயரின்மேல் உட்கார்ந்துகொண்டேன். காலையிலிருந்து நின்ற கால் விண்விண்ணென்று வலித்தது.

பாரம் ஏற்றி ஏற்றி வண்டியின் பக்கத் தகடுகள் பிதுங்கியிருந்தன. தட்டி நேராக்கி, ஓரம் முழுவதும் ரப்பர் ஒட்டி, டிரைவர் கேபின் பக்கம் கீல் வைத்து மூடியை மாட்டுவதற்குள் வெயில் இறங்கிவிட்டது.

"எடுத்துப் பாருங்கண்ணா."

அவர் பின்பக்கக் கொக்கியை எடுத்தார். மூடி தானாகவே எழும்பி, அவர் தலைக்கு மேலே போய் நின்றது. அவருக்கு முகமெல்லாம் சந்தோஷம். மூடுவதற்காக, அதன் விளிம்பில் தொங்கிய பட்டையைப் பிடித்து இழுத்தார். மூடி அசையவில்லை. காலை அகட்டி வைத்து மறுபடி இழுத்தார். பாதி இறங்கி, அவர் கையைப் பறித்துக்கொண்டு மேலே போய்விட்டது. அவருடைய கை இடுப்பை நோக்கிப் போய், நடுவில் நின்று, சட்டைப் பையைத் தடவியது.

"இன்னாண்ணா, மூடி உன்னயே தூக்கினு பூடும் போல கீதே!" என்றார் ஸ்டூல்காரர்.

"புதுசுல அப்படித்தான். போகப்போக இளகிடும்," என்றார் பட்டறைக்காரர்.

என் வீட்டுக்காரர் மூன்றாவது முறை பட்டையைப் பிடித்தார். நான் எழுந்துவிட்டேன்.

"இலேசானதாவே மாத்திக் குடுங்க. இது எனக்கு இழுக்க வராது."

எல்லோரும் திரும்பினார்கள்.

"நீங்க எதுக்குக்கா இழுக்கணும்?" என்றார் பட்டறைக்காரர்.

"இனிமே நானும் வண்டியில வர்றேன்."

"அக்கா கிளீனரா!" ஸ்டூல்காரர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். "யோகம்ண்ணா உனக்கு. எங்க ஊட்ல தண்ணி கேட்டாலே டிவிய உட்டு எழுந்திரிக்க மாட்டாங்க."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். கோபமா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு பட்டையை விட்டுவிட்டு, "அவ சொல்றதயே போடுப்பா. ஊட்ல சும்மா ஒக்காந்து போரடிக்குதாம்," என்றார்.

பட்டறைக்காரர் இரண்டு ஷாக்கையும் கழற்றினார். "இது மூடறதுக்கு ஈஸிக்கா. ஆனா தானா எழும்பாது. தெறக்கறப்போ கீழருந்து தோள் குடுக்கணும்."

"குடுக்கறேன்."

வீட்டுக்கு வரும் வழியில் சிக்னலில் நிற்கும்போது, "கேண்டீன் வேல?" என்றார்.

"சாயங்கால ஷிப்ட்டு கேக்கறேன்."

"ரெண்டும் ஒன்னால முடியாது."

"ஒங்களால மட்டும் முடியுதா?"

இப்போது காலையில் அவரோடு வண்டி, சாயங்காலம் கேண்டீன். சிப்காட் கேட்டில் இறங்கிக் கொக்கியை எடுத்து, மூடிக்குக் கீழே தோளைக் கொடுத்து எழும்புவேன். லோடு ஏற்றுகிறவர்கள் ஆரம்பத்தில் வேடிக்கை பார்த்தார்கள். அப்போதெல்லாம் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு தரையைப் பார்த்து நிற்பேன். இப்போது யாரும் பார்ப்பதில்லை. ஏற்றி முடித்ததும் அவர் ஒரு கையால் மெதுவாக மூடியை இறக்குவார். அதற்குள் நான் முன்னால் ஏறித் தலையைச் சாய்த்துவிடுவேன். அடுத்த கம்பெனி வரும்வரை தூங்கலாம்.