லீஸைப் புதுப்பிக்க நான்கு புகைப்படங்கள்

போன வெள்ளிக்கிழமை காலை எங்கள் வீட்டில் கல்யாணக் களை. அப்பா தன் சட்டைக்குத் தானே இஸ்திரி போட்டிருந்தார். தங்கை செல்விக்குப் புதுச் சுடிதார், இரட்டைப் பின்னல். அப்பாவின் கையில் பிளாஸ்டிக் ஃபைல். எங்கே கிளம்புகிறோம் என்கிறீர்களா? எங்கள் அரசாங்க அடுக்குமாடி வீட்டின் லீஸை, அதாவது குத்தகைக் காலத்தைப் புதுப்பிக்க!

"இன்னும் நாப்பது வருஷம் இருக்கேப்பா... இப்ப என்ன அவசரம்?" என்றேன்.

"எனக்கு இருக்கா நாப்பது வருஷம்?" என்றார்.

தடுத்திருக்கலாம். ஆனால், தடுக்க வேண்டுமென்றால் பதினைந்து வருடமாக நான் சொல்லாமல் விட்ட ஒன்றைச் சொல்லியாக வேண்டும். செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

வீடமைப்பு அலுவலகத்தில் எங்கள் எண் வந்தது. கவுண்டரில் ஒரு தமிழ்ப் பெண். அப்பாவுக்கு ஏக சந்தோஷம், நான் இடையில் புகுந்து மொழிபெயர்க்கத் தேவையில்லையே!

"லீஸு ரினிவல் பண்ணணும்மா. மக பேருல. எத்தன மாசத்துக்கு முன்னாடி மனு போடணும்? கைரேகை எடுப்பீங்கன்னு அவளையும் கூட்டியாந்துட்டேன். மெடிக்கல் செக்கப் உண்டா?"

ஃபைலிலிருந்து செல்வியின் புகைப்படங்கள் நான்கை எடுத்து வைத்தார். வெள்ளைப் பின்னணி, காது தெரியும்படி.

அப்பாவை நான் குறை சொல்ல மாட்டேன். கடல் தாண்டி துவாஸ் கப்பல் பட்டறைக்கு வெல்டராக வந்தவர். வொர்க் பர்மிட்டுக்கு ரினிவல். பாஸ்போர்ட்டுக்கு ரினிவல். அம்மாவைக் கட்டி பி.ஆர்., அதாவது நிரந்தரவாசி ஆனபிறகும், திரும்பி உள்ளே வரும் அனுமதிக்கு ரினிவல். காலாகாலத்தில் போய், ஒழுங்காக போட்டோ கொடுத்து, பணிவாக நின்றால் இந்த ஊர் இன்னும் கொஞ்ச காலம் இருக்கச் சொல்லும் – அவர் இங்கே படித்த ஒரே பாடம் அதுதான். வீடு மட்டும் எப்படி வேறாக இருக்கும்?

அந்தப் பெண் போட்டோக்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "ஐயா, இந்த லீஸை நீட்டிக்க முடியாதுங்க" என்றார்.

"லேட்டாயிடுச்சா?"

"இல்லீங்க. எப்ப வந்தாலும் கிடையாது."

"தனியார் வீட்டுக்கெல்லாம் நீட்டிக்கிறாங்கன்னு சொல்றாங்களே?"

"அதுக்கு மனு போடலாம், ஆனா கிடைக்கும்னு உறுதி இல்ல. நம்ம அடுக்குமாடி வீட்டுக்கு அதுவும் கிடையாதுங்கய்யா. சில பிளாக்கை மட்டும் அரசாங்கம் முன்னாடியே எடுத்துக்கிட்டு வேற வீடு குடுப்பாங்க. அதை நம்பி இருக்க முடியாது."

"அப்ப நாப்பது வருஷம் கழிச்சு?"

"வீடு திரும்ப அரசாங்கத்துக்கே போயிடும்."

"உள்ள ஆள் இருந்தா?"

அந்தப் பெண் பதில் சொல்வதற்குள் செல்வி, "அக்கா, போட்டோ நல்லாருக்கா?" என்றாள்.

"ரொம்ப நல்லாருக்கு" என்று நான்கையும் அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

செல்விக்கு இருபத்தாறு வயது. கணக்கு வராது, புது இடம் ஆகாது. ஆனால் தினமும் தனியாக லிஃப்டில் இறங்கி, எங்கள் பேட்டையான தேக்காவில் ஒரு பூக்கடை வரை நடந்து, ஒரு முழம் மல்லிகையோடு வீடு திரும்புவாள். அந்த ஐந்து நிமிட நடையைப் பழக அவளுக்கு ஐந்து வருடம் ஆயிற்று. லீஸ் முடியும்போது அவளுக்கு அறுபத்தாறு. அந்த வயதில் அவள் எங்கே போய் எந்தத் தெருவைப் பழகுவாள்?

'அண்ணன் நீ இருக்கிறாயே' என்று கேட்பீர்கள். நானும் அப்பாவிடம் அதையே சொல்லியிருக்கிறேன். அவர் சொன்னது: "நாளைக்கு உன் வீட்டுல அவ விருந்தாளிடா. இங்க அவதான் வீட்டுக்காரி."

வெளியே பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தோம். அப்பா சொன்னார்: "வீடு வாங்கிக் குடுத்த அந்த ஏஜெண்டு படுபாவி ஏமாத்திட்டான். புதுப்பிச்சுக்கலாம்னு சொன்னானா இல்லையா? நீயும் கூடத்தானே இருந்த?"

இருந்தேன். அம்மா இறந்த மறுவருடம் அது. எனக்குப் பதினேழு வயது. எங்கள் குடும்பத்திலேயே முதலில் பள்ளிக்கூடம் தாண்டி பாலிடெக்னிக் போனவன். அப்பாவின் காதும் வாயும் நான்தான். பார்த்தவை இரண்டு வீடுகள். பாசிர் ரிஸ்ஸில் ஒன்று, லீஸ் நிறைய மிச்சம். தேக்காவில் ஒன்று, ஐம்பத்தைந்து வருடம் மிச்சம். "அதுக்கப்புறம் என்ன ஆகும்னு கேளுடா" என்றார் அப்பா. கேட்டேன். ஏஜெண்ட் ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார்: 'அதற்குள் அங்கிள் செத்தே போயிருப்பார் லா, அவருக்கு என்ன கவலை?'

இதை எப்படி அப்பாவிடம் சொல்வது? அம்மா போன துக்கமே ஆறாத வீடு அது.

"அப்ப புதுப்பிச்சுக்கலாமாம்ப்பா" என்றேன்.

பஸ் நிறுத்தத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு பஸ்கள் வந்து போயின. மூன்றாவது வந்தபோது அப்பா எழுந்தார்.

"அவன் சொன்னத அப்படியே சொல்லியிருந்தா, அங்கயே நான் என்ன செத்தா போயிருப்பேன்? பாசிர் ரிஸ்ல வாங்கியிருப்பேன்" என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை. செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டார்.

பெற்றவர்களுக்காகக் கவுண்டர்களில் பேசும் பிள்ளைகள் நம்மில் எத்தனை பேர்! கடுமையான வார்த்தையை மெதுவாக்குவோம், அவமானத்தை முழுங்கிவிடுவோம். பாசம் என்றுதான் நினைக்கிறோம். ஆனால் முடிவு எடுப்பவர்கள் அவர்கள். அவர்கள் கையில் பாதித் தகவலைக் கொடுத்துவிட்டு மீதியை நாமே வைத்துக்கொள்கிறோம்... அந்த உரிமையை நமக்கு யார் கொடுத்தது?

நேற்று தபாலில் ஒரு கடிதம் வந்தது. லிஃப்ட் பழுதுபார்ப்பு பற்றி ஆங்கிலத்தில் ஒரு சாதாரண அறிவிப்புதான். அப்பா பிரித்தார், திருப்பிப் பார்த்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, அதைப் படித்துச் சொல்லச் சொல்லிப் பக்கத்து வீட்டு நர்ஸ் பெண்ணிடம் எடுத்துப் போனார்.

நான் கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.