சதுப்பு நிலத்தில் என் முதல் முழு நோன்பு

எங்கள் குடும்பத்தில் மாமாவைத் தவிர வேறு யாரும் பறவைகளைச் சோற்றுத் தட்டுக்கு வெளியே உற்றுப் பார்த்ததில்லை. அம்மாவின் அண்ணனான அவர் ஜாலான் புசாரில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். வாரம் முழுவதும் ஆணியும் தாழ்ப்பாளும் விற்றுவிட்டு, ஞாயிற்றுக்கிழமையானால் கழுத்தில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஆண்டு முடிகிற மாதங்களில் சைபீரியாவின் குளிருக்குத் தப்பி, உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் சிங்கப்பூரின் வடகோடியில் இருக்கும் கழிமுகச் சதுப்பில் வந்து இறங்கும். ‘அதுங்களுக்கு மட்டும் விசா கேட்க ஆளில்லை’ என்று அத்தா, அதாவது என் அப்பா, கிண்டல் செய்வார். மாமா சிரித்துக்கொள்வார். யார் என்ன சொன்னாலும் சிரித்துக்கொள்வதுதான் அவர் வழக்கம்.

நோன்பு மாதம் பள்ளி விடுமுறையில் வந்து விழுந்த காலம் அது. எனக்கு ஒன்பது வயது. அதுவரை மதியத்தோடு முடிந்துவிடும் அரை நோன்புதான் எனக்கு வாய்த்திருந்தது. இந்த வருஷம் முழு நோன்பு பிடித்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்று அனுமதி வாங்கியிருந்தேன். ஃபேரர் பார்க்கில் எங்கள் வீடும் மாமா வீடும் ஒரே தளத்தில் இருந்தன. நோன்பு மாதத்தில் இரண்டு வீட்டுக்கும் ஒரே அடுப்புதான். ஒரு ஞாயிறு விடியற்காலை, நோன்பு தொடங்கும் முன் சாப்பிடும் சஹர் சாப்பாட்டுக்கு எல்லோரும் எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். முந்தின நாள் மதியம் காப்பிக்கடை மூலையில் தெரிந்தவர் ஒருவர் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்ததை அத்தா விவரித்துக்கொண்டிருந்தார். “கல்லு மாதிரி இருக்கான், நோன்பு வைக்க முடியலையாம்” என்று அவர் முடித்ததும் எல்லோரும் சிரித்தோம். மாமாவும் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நான் என் கோரிக்கையை வைத்தேன்.

“மாமா, இன்னிக்கு நானும் ஒங்ககூட பறவை பாக்க வரேன். நாம ரெண்டு பேருமே நோன்பு, பசிக்கவே பசிக்காது.”

மாமியின் கரண்டி சட்டிக்குள் அப்படியே நின்றது. “அவ எதுக்குங்க அவ்வளவு தூரம்?” என்றார். பகலில் நான் வீட்டில் இல்லாவிட்டால் நிம்மதி என்று நினைத்த அம்மாவோ, “கூட்டிட்டுப் போங்களேண்ணே” என்றார். மாமா அத்தாவை ஒருமுறை பார்த்தார், பிறகு என்னைப் பார்த்து, “சரி லா, வா” என்றார். அதன்பின் வழக்கம்போல் உள்ளே போய் வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டார். நான் பல் துலக்குவதுபோல அது அவருடைய அன்றாடக் காரியம் என்றே எனக்குத் தோன்றும். அதற்குமேல் நான் யோசித்ததில்லை.

கிளம்பும்போது மாமி என் பைக்குள் ஒரு கரும்புச்சாறு பாக்கெட்டைத் திணித்தார். “இருக்கட்டும்மா, தேவைப்பட்டா எடுத்துக்கலாம்” என்றார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. என்னால் பொழுது சாயும் மஃரிப் நேரம் வரை தாக்குப்பிடிக்க முடியாது என்று மாமி முடிவே கட்டிவிட்டார் போலும். அந்தப் பாக்கெட்டைத் தொடக்கூட மாட்டேன் என்று மனதுக்குள் சபதம் செய்துகொண்டேன்.

கிராஞ்சி வரை ரயிலிலும் அங்கிருந்து பஸ்ஸிலும் போனோம். நுழைவாயிலிலேயே முதலைப் படம் போட்ட எச்சரிக்கைப் பலகை இருந்தது. அதைப் பார்த்ததும் மாமாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டேன். அலையாத்தி மரங்களுக்கு நடுவே பலகைப் பாதையில் நடந்தபோது கீழே சேற்றில் என்னென்னவோ நெளிந்தன, பொளக் பொளக்கென்று குமிழிகள் வெடித்தன. ஆள் நீளத்துக்கு ஒரு உடும்பு பாதையைக் கடந்து போனது. அதை முதலை என்றே நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். நோன்பு மாதத்தில் ஷைத்தான்களை விலங்கிட்டு வைத்திருப்பார்கள் என்று எனக்கு ஓதக் கற்றுக்கொடுக்கும் உஸ்தாத் சொல்லியிருந்தது சற்றுத் தெம்பாக இருந்தது. முதலைகளைப் பற்றி அவர் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

கடலில் தண்ணீர் ஏறும்போது கரைச்சேறு மூழ்கிவிடும். அப்போது பறவைகள் உள்ளே இருக்கும் குளத்து மேடுகளுக்கு வந்து ஒண்டிக்கொள்ளும். அந்த நேரம் பார்த்து நாங்கள் மரக்குடிலில் போய் உட்கார்ந்தோம். பறவைகளுக்கு நாம் தெரியாதபடி, பலகைச் சுவரில் கண்மட்டத்துக்கு நீளமாக ஓர் இடைவெளி விட்டுக் கட்டிய குடில் அது. பேசக் கூடாது, அசையக் கூடாது, கையை வெளியே நீட்டக் கூடாது என்று மாமா முன்பே சொல்லியிருந்தார். எதிரே மேட்டில் நூற்றுக்கணக்கில் உப்புக்கொத்திகள் ஒற்றைக்காலில் தூங்கின. இவ்வளவு தூரம் பறந்து வந்து இப்படித் தூங்கவா என்று எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

மழை பிடித்துக்கொண்டது. குடிலில் இருந்த இரண்டு மூன்று பேரும் குடை விரித்துக் கிளம்பிவிட்டார்கள். நானும் மாமாவும் மட்டுமே மிஞ்சினோம். மாமா பைனாகுலரைக் கண்ணில் வைத்தபடி இம்மியும் அசையாமல் இருந்தார். அபூர்வமான பறவை எதையோ கண்டுவிட்டார் என்று நானும் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தேன். வெகுநேரம் அப்படியே போயிற்று. பிறகுதான் பைனாகுலர் குளத்தைப் பார்க்கவில்லை, குடிலின் பலகையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதைக் கவனித்தேன். அவர் கை நடுங்கியது. மழைக்குளிரிலும் அவர் சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது.

“மாமா” என்று மெல்லக் கூப்பிட்டேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அது என் மாமா பார்க்கிற பார்வை இல்லை.

“தங்கச்சி, கடைய சாத்திட்டியா?” என்றார். நாக்கு குழறியது.

அவர் என் அம்மாவைத்தான் தங்கச்சி என்று கூப்பிடுவார். ஜின் பிடித்தவர்கள் ஆள் மாறிப் பேசுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். வெளியே ஓடினால் முதலை, உள்ளே இருந்தால் மாமாவின் முகம். தெரிந்த குர்ஆன் சூராக்களை எல்லாம் ஓதப் பார்த்தேன், பாதியில் எல்லாமே மறந்துபோயின. அவர் பெஞ்சிலிருந்து மெதுவாகச் சரிய ஆரம்பித்தார்.

மழைக்கு ஒதுங்க ஒரு சீனப் பெண்மணி உள்ளே வந்தார். தோளில் பெரிய காமிரா, காலில் ரப்பர் பூட்ஸ். மாமாவை ஒரு பார்வை பார்த்ததும் காமிராவை வைத்துவிட்டு ஓடிவந்து தாங்கிப் பிடித்தார். இவருக்கு இனிப்பு நீர் வியாதியா, ஊசி போடுவாரா என்று ஆங்கிலத்தில் கேட்டார். தலையாட்டினேன். உடனே ஏதாவது இனிப்பாகக் கொடுக்க வேண்டும் என்று தன் பையைத் துழாவினார். வெறும் தண்ணீரும் உப்புக் கடலையும்தான் இருந்தன. என் பையைக் கேட்டார். நான் அதை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, மாமா நோன்பு, குடிக்கக் கூடாது, குடித்தால் பாவம் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அழுதுகொண்டே சொன்னேன். அவர் என்னோடு வாதாடவில்லை. பையைப் பிடுங்கி, பாக்கெட்டை எடுத்து, உறிஞ்சுகுழாயைக் குத்தி மாமாவின் உதட்டருகே வைத்தார்.

மாமாவின் கண்கள் தேடி வந்து என்மேல் நின்றன. உதடுகளை இறுக மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பினார். அந்தப் பெண்மணி திரும்பத் திரும்ப வைத்தார், மாமா திரும்பத் திரும்ப விலக்கினார். கண்கள் மட்டும் என்னைவிட்டு விலகவில்லை. எனக்குப் பயத்தோடு ஒரு பெருமையும் வந்தது. இந்த நிலையிலும் மாமா நோன்பைக் காக்கிறார் அல்லவா.

அந்தப் பெண்மணி மாமாவின் பார்வை போகும் திசையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“யூ லுக் அட் த பேர்ட்ஸ், கேர்ள்.”

குரலில் இருந்த கண்டிப்புக்குப் பயந்து நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். இடைவெளி வழியே மேடு தெரிந்தது. உப்புக்கொத்திகள் மழையில் நனைந்தபடி அப்படியே நின்றன. என் முதுகுக்குப் பின்னால் குழாயில் சாறு ஏறும் சத்தம் கேட்டது, பிறகு காலிப் பாக்கெட்டைக் காற்றோடு சேர்த்து உறிஞ்சும் சத்தம். மாமா நரகத்துக்குப் போகப் போகிறார் என்று நினைத்தேன்.

மழை விட்டபோது மாமா மாமாவாகிவிட்டிருந்தார். என் பெயரைச் சரியாகச் சொல்லிக் கூப்பிட்டார். அந்தப் பெண்மணி வழியில் ஒரு கடையில் நிறுத்தி அவருக்கு ரொட்டி வாங்கிக் கொடுத்து, எங்களைத் தன் காரிலேயே ஃபேரர் பார்க்கில் இறக்கிவிட்டுப் போனார். மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போது மாமா தரையைப் பார்த்தபடி, “வீட்ல சொல்லிக்க வேணாம்மா” என்றார். நான் தலையாட்டினேன். என் கையைப் பிடிக்க வந்தவர், என்ன நினைத்தாரோ, விட்டுவிட்டார்.

வானொலியில் நோன்பு திறக்கும் பாங்கு ஒலித்ததும் எல்லோரோடும் சேர்ந்து மாமாவும் பிஸ்மில்லாஹ் சொல்லிப் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டார். என் முதல் முழு நோன்பு என்று அத்தா என்னைத் தூக்கிச் சுற்றினார். கஞ்சிக்கிண்ணத்தில் எனக்கு மட்டும் கூடுதலாக வடை விழுந்தது. அதைக் கிண்ணத்திலேயே விட்டுவிட்டேன். அன்று படுக்கையில் போர்வைக்குள் கைகளை ஏந்தி, என்னிடம் இருந்த ஒரே பெரிய பொருளை அல்லாஹ்விடம் கொடுத்தேன். இன்றைய என் நோன்பை மாமாவின் பெயரில் எழுதிக்கொள், எனக்கு வேண்டாம், அவரை மட்டும் நெருப்பில் போடாதே என்று கேட்டேன்.

நோயாளிக்கு நோன்பில் விலக்கு உண்டு என்பது எனக்கு அப்போது தெரியாது. மருத்துவர் நோன்பே கூடாது என்று மாமாவிடம் சொல்லியிருந்ததும், வார நாள்களில் அவர் கடையின் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு மாமி கட்டிக்கொடுத்ததைச் சாப்பிட்டு வந்ததும் தெரியாது. அன்று பகல் முழுக்க நான் கூடவே ஒட்டிக்கொண்டதில், ஒரு வாய் சாப்பிட அவருக்கு மறைவிடமே இல்லாமல் போயிருந்தது. அவர் உதட்டை இறுக்கிக்கொண்டது அல்லாஹ்வுக்குப் பயந்துதான் என்று நெடுநாள் நம்பியிருந்தேன். அந்தப் பெண்மணிக்கு எங்கள் மொழியும் தெரியாது, மார்க்கமும் தெரியாது. மாமா யாருக்குப் பயப்படுகிறார் என்பது மட்டும் அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. அதனால்தான் என்னைப் பறவைகளைப் பார்க்கச் சொன்னார்.